பூட்டுகள் இலவசம், பூட்டுவோர் எங்கே?

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு சாம்பலாயின. குற்றம் தீ வைத்தோருடையதே. ஆயினும் அந்த அழிவு ஒரு பாடத்தையும் விட்டுச் சென்றது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் ஆவணம், பகைவன் மனம் வைக்கும் வரையே வாழும். இந்த அழிவை ஆண்டுதோறும் நினைவுகூரும் புலம்பெயர் தமிழர் அமைப்புகளுட் பல, தமது கணினிகளைப் பொறுத்தவரை அந்தப் பாடத்தை மறந்தே போயின.

இன்று ஓர் அமைப்பின் உடைமை அதன் அலுமாரியில் இல்லை. உறுப்பினர் பட்டியல், நன்கொடையாளர் விபரம், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் அளித்த வாக்குமூலங்கள், பல்லாண்டு கால ஒளிப்படங்கள் யாவும் எங்கோ வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு வழங்கியில் கிடக்கின்றன. அதன் கடவுச்சொல்லை அறிந்தவர் ஒருவரே. அவரும் நாடு மாறியிருப்பார், அல்லது மனத்தாங்கலோடு விலகியிருப்பார். நிறுவிய நாளில் இருந்த மென்பொருளே இன்றும் இயங்கும். காப்புப்படி உண்டா என்று வினவினால் நிருவாகசபையினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். மண்டபத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் மணிக்கணக்கில் கூடிப் பேசுவோர் இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதில்லை.

இந்த அலட்சியத்துக்கு மூன்று சாட்டுகள் சொல்லப்படுகின்றன. மூன்றும் செல்லுபடியாகாதவை.

"மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பது முதலாவது சாட்டு. திபெத்திய மக்களின் அனுபவம் இதற்கு விடை கூறும். 103 நாடுகளில் குறைந்தது 1,295 கணினிகளுக்குள் ஊடுருவியிருந்த 'கோஸ்ட்நெற்' என்னும் உளவு வலையை, கனடிய ஆய்வாளர்கள் 2009 மார்ச்சில் அம்பலப்படுத்தினர். தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளும் அவற்றுள் இருந்தன. பெரும் படையெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. தெரிந்தவர் அனுப்பியது போல் வந்த மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்ததே போதுமாயிருந்தது. ஒரு பட்டியல் களவு போனால் ஆபத்து அதனை வைத்திருந்த இலண்டன் செயலாளருக்கு மட்டுமன்று. தன் மகனைத் தேடி வாக்குமூலம் அளித்த தாய் வன்னியில் இருக்கிறாள். அவளது பெயரைக் காக்க இயலாதவர்களுக்கு அவளது பெயரைக் கேட்டு வாங்கும் உரிமை இல்லை.

"பணமில்லை" என்பது இரண்டாவது சாட்டு. உலகின் மாபெரும் நிறுவனங்கள் பயன்படுத்தும் கருவிகள் பல சல்லிக்காசின்றிக் கிடைக்கின்றன. தொலைவிலுள்ள வழங்கிக்குள் மறைகுறியாக்கத்தோடு நுழைய 1999 முதல் ஓப்பின்எஸ்எஸ்எச் உண்டு. அதில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, இலக்கச் சாவி உள்ளோருக்கு மட்டும் வழிவிடலாம். 1997 இல் வெளிவந்த என்மப், மூடிவிட்டதாக நம்பப்படும் வாயில்களுள் எவை திறந்து கிடக்கின்றன என்று காட்டும். 1998 இல் எதீரியல் என்ற பெயரில் பிறந்து 2006 இல் பெயர் மாறிய வயர்சார்க், கணினி எந்த முகவரிகளோடு பேசுகிறது என்பதைப் பொதி பொதியாகப் பிரித்துக் காட்டும். எவரும் பணியில் இல்லாத நள்ளிரவில் அலுவலகக் கணினி அறியாத முகவரியொன்றுக்குக் கோப்புகளை அனுப்புமாயின் அதனை இவ்வாறே கண்டறியலாம். பிழையான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப முயலும் முகவரிகளை ஃபெயில்ருபான் தானாகவே தடுக்கும். இணையத்தளத்துக்கான சான்றிதழை லெற்ஸ் என்கிறிப்ற் 2015 முதல் இலவசமாக வழங்குகிறது. 1996 முதல் உள்ள ஆர்சிங்க், மாறிய பகுதிகளை மட்டும் வேறொரு நாட்டிலுள்ள கணினிக்கு நாள்தோறும் படியெடுக்கும். பழுதடைந்த கோப்பையும் அது பழுதோடு படியெடுக்கும் என்பதால், நாளிட்ட பழைய படிகளும் இணையத்தோடு தொடர்பற்ற ஒரு வன்தட்டும் கூடவே வேண்டும். அந்த வன்தட்டின் விலை ஒரு விழாவின் பூமாலைச் செலவுக்கு ஈடாகாது.

"காசு கொடுத்தால் நிறுவனம் பார்த்துக்கொள்ளும்" என்பது மூன்றாவது சாட்டு. வலையமைப்புகளை மேற்பார்வை செய்யும் சோலர்விண்ட்ஸ் நிறுவனத்தின் மென்பொருளுக்குள் நஞ்சு கலக்கப்பட்டிருந்தது 2020 இல் தெரியவந்தது. அந்த இற்றைப்படுத்தலைப் பெற்றோர் ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர். அமெரிக்க அரச திணைக்களங்களும் பாதிக்கப்பட்டன. 2024 யூலை 19 அன்று கிறவுட்ஸ்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் தரித்து நின்றன. பணம் கொடுத்து வாங்கலாம். பொறுப்பைக் கொடுத்துவிட இயலாது.

இலவசக் கருவிகளும் குற்றமற்றவை அல்ல. 2014 இல் ஓப்பின்எஸ்எஸ்எல்லில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கிய அத்திட்டத்துக்கு ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை 2,000 டொலர் அளவே என்பதும் வெளிப்பட்டது. 2024 இல் எக்ஸ்இசட் என்னும் கருவிக்குள் கள்ளக்கதவு ஒன்று நுழைக்கப்பட்டிருந்தது. வழமையைவிட உள்நுழைவுக்கு அரை வினாடி கூடுதலாகச் செல்கிறதே என்று ஐயுற்ற அன்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியியலாளர் அதனைக் கண்டுபிடித்தார். மூலநிரல் திறந்திருந்தமையால் அவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது. கருவி தானாகக் காவல் செய்வதில்லை. அரை வினாடியைப் பொருட்படுத்தும் மனிதரே காவல் செய்கிறார்.

இளைஞர் சிலர் இதே கருவிகளை எதிர்த்தரப்பின் தளங்கள் மீது திருப்ப விரும்புவர். அது வீரமன்று. பிரித்தானியாவின் 1990 ஆம் ஆண்டுக் கணினி முறைகேட்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றி அயலார் கணினிக்குள் நுழைவது குற்றம். பல நாடுகளிலும் நிலை இதுவே. தன் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு அயல்வீட்டுப் பூட்டை உடைக்கச் செல்வோனால் எந்த மக்களுக்கும் விடிவு வந்ததில்லை.

ஆகவே அமைப்புகளின் உறுப்பினர்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும். வழங்கிக்குப் பொறுப்பானவர் யார்? அவர் இல்லாதபோது சாவி யாரிடம்? காப்புப்படி எத்தனை, எந்தெந்த நாட்டில்? அதிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்த்த நாள் எது? பொருளாளர் கணக்கறிக்கை வாசிப்பது போல், இதற்கும் ஒருவர் எழுந்து நின்று பதில் வாசிக்க வேண்டும். பதில் இல்லாத நிருவாகசபைக்கு வாக்கும் இல்லை, வாக்குமூலமும் இல்லை என்று உறுப்பினர்கள் கூறிவிட வேண்டும். 1981 இல் நூலகத்தை எரித்தோர் அயலார். அடுத்த அழிவுக்கு அயலாரை மட்டும் குறைகூற இயலாது.