தணிக்கையாளர் எழுதிய நன்றிக் கடிதம்

2025 ஜூலையில் மியான்மர் ராணுவ ஆட்சித் தலைவர் மின் ஆங் ஹ்லைங் அமெரிக்க அதிபர் டிரம்ப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். இறக்குமதி வரியைக் குறைக்க வேண்டும், பொருளாதாரத் தடைகளைத் தளர்த்த வேண்டும் என்ற வேண்டுகோள்களுக்கு நடுவே ஒரு பாராட்டும் இருந்தது. அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்துவந்த ஒலிபரப்பு அமைப்புகளுக்குக் கடிவாளம் போட்டதற்கான பாராட்டு அது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, ரேடியோ ஃப்ரீ ஏஷியா இரண்டின் பர்மிய மொழிக் குரலும் அதற்குச் சில மாதங்கள் முன்பே அடங்கிப்போயிருந்தது. ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்து டிரம்ப் போட்ட உத்தரவு, தாய்லாந்து எல்லையிலிருந்து இயங்கும் பர்மிய செய்திக் குழுக்களின் பிழைப்பிலும் மண்ணைப் போட்டது. பல குழுக்கள் ஆட்களைக் குறைத்தன. இருந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் தவித்தன.

நான்கு ஆண்டுகளாகச் சிறையாலும் துப்பாக்கியாலும் வாயடைக்க முடியாதவர்களை ஒரு நிர்வாக உத்தரவு பட்டினி போட்டது. ஒடுக்குகிறவரே நன்றி சொல்லும்படி ஒரு முடிவு அமைந்தால், அது தவறான முடிவு என்பதற்கு வேறு சாட்சி தேடவேண்டியதில்லை. தடையை மீறி உண்மைச் செய்தியைச் சுமக்கிறவர்களுக்குக் கைகொடுப்பது சுதந்திரமாகப் பேச முடிகிற ஒவ்வொரு சமூகத்தின் கடமை. அந்தக் கையை நடுவழியில் உதறுவது அநீதி.

இவர்கள் யார் என்று தெரிந்தால்தான் அநீதியின் அளவும் தெரியும். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நான்காம் தேதி ஃபேஸ்புக் முடக்கப்பட்டது. பிப்ரவரி 15 முதல் இரவு ஒரு மணிக்குப் போகும் இணையம் காலை ஒன்பதுக்குத்தான் திரும்பியது. ஆட்களை வீடு புகுந்து இழுத்துப்போன நேரமும் அந்த இரவு நேரம்தான். மார்ச் 8 அன்று மியான்மர் நவ், மிஸ்ஸிமா, டிவிபி உள்ளிட்ட ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமம் பறிக்கப்பட்டது. மார்ச் நடுவில் செல்போன் டேட்டா போனது. ஏப்ரல் 2 அன்று கம்பியில்லா பிராட்பேண்டும் போனது.

அந்த ஏப்ரலில் யாங்கூன் சந்தைகளில் ஒரு துண்டிதழ் கைமாறத் தொடங்கியது. பெயர் மொலோடோவ். இளைஞர்கள் சிலர் செய்திகளைத் தொகுத்து ஒரே கோப்பாக அனுப்புவார்கள். கிடைத்தவர்கள் தங்கள் வீட்டுப் பிரிண்டரில் பத்து இருபது படி எடுத்து, அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள். தண்டனைச் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட 505-ஏ பிரிவின்படி இதற்கு மூன்றாண்டு வரை சிறை. மை தீர்ந்தால் கடையில் போய் வாங்குவதற்கே நெஞ்சுறுதி வேண்டும். கம்ப்யூட்டரே இல்லாத பாட்டிக்கும் அன்று என்ன நடந்தது என்று தெரியவேண்டும் என்பதற்காக முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துக்கொண்ட ஆபத்து அது.

இன்றும் சோதனைச் சாவடியில் சிப்பாய் முதலில் கேட்பது கைபேசியை. படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பான், தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலி இருக்கிறதா என்று தேடுவான். அதனால் வெளியே கிளம்பும் முன் செயலியை அழித்து, திரும்பி வந்ததும் ஏற்றிக்கொள்வது பலருக்குக் கதவைப் பூட்டித் திறப்பது போல ஒரு பழக்கமாகிவிட்டது. 2025 ஜனவரி 1 அன்று இயற்றப்பட்ட இணையப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியில்லாமல் விபிஎன் வசதி அளிப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது.

இவ்வளவுக்கு நடுவிலும் செய்தி வெளியே வந்துகொண்டுதான் இருக்கிறது. 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியில் பஸிஜீ என்ற கிராமத்தில் மக்கள் கூடியிருந்தபோது போர்விமானம் குண்டு போட்டது. நூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் ஏராளமான குழந்தைகள். செத்தவர்கள் பயங்கரவாதிகள் என்றுதான் ராணுவம் சொன்னது. அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், என்ன வயது என்று உலகத்துக்குத் தெரிந்ததற்குக் காரணம் உள்ளூர்க்காரர்கள் எழுதிவைத்த கணக்கு. சகாயிங்கின் பல பகுதிகளில் இணையம் ஆண்டுக்கணக்கில் கிடையாது. அங்கே ஒரு படத்தை அனுப்ப வேண்டுமென்றால் சிக்னல் இருக்கும் மேடு தேடிப் போகவேண்டும். தாய்லாந்தின் மே சோட் நகரில், முன்னாள் அரசியல் கைதிகள் 2000-இல் தொடங்கிய ஒரு சங்கம் கொல்லப்பட்டவர்களின் பட்டியலைப் பராமரிக்கிறது. ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது அந்தப் பட்டியல். ஒருவர் போனார் என்று உறுதியான பிறகுதான் ஒரு பெயர் ஏறும். நாளை ஏதோ ஒரு நீதிமன்றத்தில் இந்தக் கொலைகளுக்கு விசாரணை என்று ஒன்று நடந்தால், அதற்கு ஆதாரம் இந்தத் தாள்கள்தான். இவற்றுக்குப் படியளப்பதை வீண்செலவு என்று எழுதித்தள்ள எந்த அரசுக்கும் உரிமை கிடையாது.

தணிக்கையில்லாத செய்தி என்றாலே புனிதம் என்று நாம் சொல்லவில்லை. ஆயிரம் டாலருக்கும் மேல் விற்ற சிம் கார்டு, 2014-இல் ஒன்றரை டாலருக்கு இறங்கியபோது மியான்மர் ஒரே பாய்ச்சலில் ஃபேஸ்புக்குக்குள் நுழைந்தது. அதே ஃபேஸ்புக்கில்தான் ரோஹிங்யா சிறுபான்மையினர் மீதான வெறுப்பும் தடையின்றிப் பரவியது. 2018-இல் ஐ.நா. உண்மையறியும் குழு அதைப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் அப்போது உண்மையைத் தேடிப்போனவர்களுக்கு என்ன நடந்தது? இன் தின் கிராமத்தில் பத்து ரோஹிங்யா ஆண்கள் கொல்லப்பட்டதைத் துப்புத் துலக்கிய ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவருக்கும் ஏழாண்டுத் தண்டனை. அப்போது ஆட்சியிலிருந்தவர் ஆங் சான் சூச்சி. தண்டனையை அவர் நியாயப்படுத்தினார். 2019 ஜூனில் ராக்கைன், சின் பகுதிகளில் இணையம் துண்டிக்கப்பட்டதும் அவருடைய ஆட்சியில்தான். அந்த இருட்டில் கொரோனா என்று ஒரு நோய் வந்திருப்பதே தெரியாத கிராமங்கள் இருந்தன. ராக்கைனில் விளக்கு அணைந்தபோது பேசாமல் இருந்த யாங்கூனுக்கு, இரண்டே ஆண்டுகளில் அதே இருட்டு வந்து சேர்ந்தது. பொய்யைப் பரப்புகிறவன் கையில் அரசும் படையும் இருக்கும்போது, விசாரித்து எழுதுகிறவனை அடைத்துவைத்தால் வெறுப்புக்குத்தான் லாபம். நாம் ஆதரிக்கச் சொல்வது, பெயரைச் சரிபார்த்து ஏற்றுகிற, தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்கிற குழுக்களை.

இந்தியாவுக்கு இதில் ஒரு நல்ல பங்கு இருந்தது, அதை நாம் மறந்துவிட்டோம். 1988 எழுச்சி நசுக்கப்பட்டபின் ஓடிவந்த பர்மிய மாணவர்களுக்கு ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தில்லியில் தமக்கு ஒதுக்கப்பட்ட அரசு வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவர் பாதுகாப்பு அமைச்சரான பிறகும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். மிஸ்ஸிமா என்ற செய்தி நிறுவனம் 1998-இல் பிறந்தது அதே தில்லியில், நாடு திரும்ப முடியாத பர்மியர்கள் சிலரின் முயற்சியில். டிவிபி 1992-இல் ஓஸ்லோவில் பிறந்தது. நார்வே பல ஆண்டு பொறுமையாகத் தாங்கி நின்றதன் பலன் 2007-இல் தெரிந்தது. பிக்குகள் யாங்கூன் தெருவில் இறங்கியபோது, பைக்குள் கேமராவை மறைத்துக்கொண்டு நடந்த டிவிபி ஆட்கள்தான் உலகத்துக்குப் படம் அனுப்பினார்கள். இந்தக் காரியத்துக்குத் தேவை பெரிய பணமல்ல. ஆண்டு தவறாமல் வரும் சிறிய பணம். அமெரிக்கா என்ற ஒரே கயிற்றில் தொட்டிலைக் கட்டிவிட்டு மற்ற ஜனநாயக நாடுகள் எல்லாம் நிம்மதியாகத் தூங்கியதும் ஒரு குற்றம்தான். அதில் இந்தியாவும் சேர்த்தி.

நம் குற்றம் அதோடு முடியவில்லை. உலகில் இணையத் துண்டிப்புகளைக் கணக்கெடுக்கும் ஆக்சஸ் நவ் அமைப்பின் 2024 அறிக்கையில் மியான்மர் முதலிடம், 85 முறை. இரண்டாமிடம் இந்தியா, 84. ஒரே ஒரு எண் வித்தியாசம். 2023-இல் மணிப்பூரில் இணையம் துண்டிக்கப்பட்டிருந்தபோது, மே 4 அன்று கலவரத்தில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் காணொளி நாட்டின் கண்ணில் பட ஜூலை 19 ஆயிற்று. அதுவரை அந்தப் பெண்களின் புகார் ஒரு காவல் நிலையத்துத் தாளாக மட்டுமே கிடந்தது. அமைதி காக்கத்தான் துண்டிக்கிறோம் என்று அரசு சொன்னது. காக்கப்பட்டவர்கள் குற்றவாளிகள். காஷ்மீரில் 4ஜி திரும்பப் பதினெட்டு மாதம் ஆனது. காலவரையறை இல்லாமல் இணையத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்ன பிறகும் காஷ்மீரில் தடை நீடித்தது, மணிப்பூரில் புதிதாக வந்தது. மியான்மர் ராணுவ ஆட்சியைக் கண்டிக்கும் தகுதி தில்லிக்கு வேண்டுமென்றால் இந்தப் பழக்கத்தை முதலில் விடவேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. ஸ்னோஃப்ளேக் என்று ஒரு சிறு இணைப்பை நம் கம்ப்யூட்டரின் பிரவுசரில் போட்டுவைத்தால், இணையதளங்கள் தடைசெய்யப்பட்ட நாட்டில் இருக்கும் ஒருவர் நம் இணையம் வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வரலாம். நமக்கு ஆகும் செலவு கொஞ்சம் டேட்டா. பர்மியக் குழுக்களில் பல ஆங்கிலத்திலும் எழுதுகின்றன. சந்தா கட்டலாம். அவர்கள் வெளியிடும் படத்தைப் பகிரும்போது முகம் தெரிகிறதா, வீட்டு வாசல் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பகிருங்கள். நாம் அவசரத்தில் தட்டிவிடும் ஒரு படம் அங்கே ஒருவருடைய கதவைத் தட்டவைக்கும்.

அரசு செய்யவேண்டியது வேறு. மணிப்பூர் எல்லையில் மோரே என்று ஓர் ஊர். பர்மாவில் நே வின் ஆட்சி துரத்திய தமிழர்கள், திரும்பிப் போகலாம் என்று 1960-களில் தரைவழியாகக் கிளம்பி, எல்லையில் மறிக்கப்பட்டு, அங்கேயே தங்கிக் கோயில் கட்டிக்கொண்ட ஊர். 2021-இல் அந்த மோரேயில் ஏழு பர்மியர்கள் ஒளிந்திருந்தார்கள். மிஸ்ஸிமாவைச் சேர்ந்த மூன்று பத்திரிகையாளர்கள், மற்றவர்கள் குடும்பத்தார். பிடிபட்டால் ராணுவத்திடமே ஒப்படைக்கப்படுவார்கள் என்ற பயம். எல்லையில் யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 10 அன்றே வடகிழக்கு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. மிசோரம் அதற்குக் கட்டுப்படாமல் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது, அதற்காக அந்தச் சிறிய மாநிலத்தை வணங்குகிறோம். மோரேயில் இருந்தவர்களுக்காக வழக்கறிஞர் நந்திதா ஹக்சர் மணிப்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மே 3 அன்று நீதிமன்றம் சொன்னது: உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு இவர்களுக்கும் பொருந்தும், தில்லியில் உள்ள ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குப் போக இவர்களுக்குப் பாதுகாப்பாக வழிவிட வேண்டும்.

மார்ச் 10 கடிதத்தை உள்துறை அமைச்சகம் திரும்பப் பெறவேண்டும். அந்த ஏழு பேருக்கு நீதிமன்றம் திறந்துவிட்ட வழியை, அடுத்து எல்லையில் வந்து நிற்கும் நிருபருக்கும் அவருக்குச் செய்தி கொண்டுவந்து கொடுத்த ஊர்க்காரருக்கும், வழக்கு போடாமலே திறந்துவிட வேண்டும்.