குப்பைத்தொட்டிக்குள் ஒரு போன்ழூர்

என் தங்கை மகன் வில்லியனூர்ப் பக்கம் சின்னதாக ஒரு தொழில் நடத்துகிறான். ஊதுபத்தி, வாசனை மெழுகுவர்த்தி. ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். கணக்கு, கடிதப் போக்குவரத்து, பார்சல் எல்லாம் அவனேதான். வாரத்தில் இரண்டு நாள் நானும் போய் உட்காருவேன். சம்பளம் ஒரு காப்பி.

போன அக்டோபரில் ஒரு நாள் அவன் ஃபோனை என் கையில் திணித்தான். "மாமா, ஏதோ பிரெஞ்சு மாதிரி இருக்கு, நீங்களே பேசுங்க."

பேசியது லியோன் பக்கத்தில் பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். இரண்டு வருஷமாக நம்மிடம் சரக்கு எடுப்பவர். கோபமே இல்லாமல் பேசினார். "ஆகஸ்டு கடைசியில் ஒரு மெயில் எழுதினேன், முசே. செப்டம்பரில் இன்னொன்று. பதிலே இல்லை. கிறிஸ்துமஸ் சரக்கை வேறு இடத்தில் சொல்லிவிட்டேன். நீங்கள் தொழிலை மூடிவிட்டீர்களோ என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டேன்" என்றார்.

நாங்கள் மூடவில்லை. கதவை மட்டும் சாத்திவிட்டோம். எப்படி என்று சொல்கிறேன்.

தம்பியின் மெயில் பெட்டிக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது கடிதமாவது வரும். உங்கள் வெப்சைட்டை கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒருவன். ஐந்து நிமிஷத்தில் கடன் என்று ஒருவன். 'உங்கள் பொருளில் விருப்பம், ஆர்டர் விவரம் இணைப்பில்' என்று ஒருவன். இணைப்பைத் திறந்தால் கம்ப்யூட்டரே காலி. வெப்சைட்டில் பிரெஞ்சுப் பக்கம் ஒன்று போட்ட பிறகு இந்தக் குப்பை பிரெஞ்சிலும் வர ஆரம்பித்தது. அவன் ஒரு நாள் பொறுமை இழந்து, 'போன்ழூர்' என்ற சொல் இருக்கும் எல்லாக் கடிதத்தையும் நேரே அழித்துவிடு என்று பெட்டிக்குக் கட்டளை போட்டுவிட்டான். குப்பை நின்றது. போன்ழூர் என்று மரியாதையாகத் தொடங்கிய அந்த அம்மாளின் கடிதங்களும் நின்றன.

குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தோம். செப்டம்பர் கடிதம் மட்டும் இருந்தது. ஆகஸ்டு கடிதம் இல்லை. ஜிமெயில் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் வைத்திருக்கும், பிறகு தானே அழித்துவிடும். அந்த ஆர்டரை நம்பித்தான் ஆறு பெண்களுக்கும் தீபாவளிக்குக் கூடுதலாக ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருந்தான். அதில் பாதிதான் கொடுக்க முடிந்தது.

அவனை நான் திட்டவில்லை. திட்டும் யோக்கியதை எனக்குக் கிடையாது. காரணம் இது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைத் தபால் பிரிவில் உட்கார வைத்தார்கள். எங்கள் சூப்பரிண்டெண்டெண்ட் ஒரு விதி வைத்திருந்தார். வந்த தாள் எதுவானாலும் எண் போட்டு, தேதி போட்டு, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மொட்டைக் கடிதமானாலும் சரி. "வாங்குபவன் வேலை வாங்குவது. தூக்கிப் போடுவது உன் வேலை இல்லை" என்பார். ஒரு நாள் கல்யாண நோட்டீஸ் ஒன்று வந்தது. கசக்கி எறிந்துவிட்டேன். மாலையில் பெருக்க வந்த அம்மாள் அதைப் பிரித்து, "ஐயா, பின்னாடி யாரோ எழுதியிருக்காங்களே" என்றார். குடும்ப பென்ஷன் கேட்டு ஒரு விதவை எழுதிய மனு அது. தாள் வாங்கக் காசில்லாமல் நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், நாலு மொழி தெரிந்தவன் என்ற திமிர் அன்றோடு கொஞ்சம் இறங்கியது.

ஆகவே என் கருத்து இதுதான். சிறு தொழில் செய்பவனுக்குக் குப்பை மெயிலால் வரும் பெரிய நஷ்டம் குப்பை அல்ல. குப்பையோடு போய்விடும் நல்ல கடிதம். குப்பையைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் எதையும் கண்ணால் பார்க்காமல் அழிக்கும் வழியில் குறைக்கக் கூடாது.

இந்தத் தொல்லை முற்றிலும் ஒழியும் என்று நம்புவதும் வீண். 1978-இலேயே அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை மின்னஞ்சலில் அனுப்பித் திட்டு வாங்கினார். 2004-இல் பில் கேட்ஸ், இன்னும் இரண்டு வருஷத்தில் ஸ்பாம் ஒழிந்துவிடும் என்று சொன்னார். அவர் சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அஞ்சலட்டை வாங்கக்கூட ஐம்பது காசு வேண்டும். அந்த ஐம்பது காசே ஒரு சல்லடை. மெயிலுக்கு அந்தச் சல்லடை இல்லை. பத்து லட்சம் பேருக்கு அனுப்பி ஒருவன் ஏமாந்தாலும் அனுப்பியவனுக்கு லாபம். கியூபெக்கில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இதற்குப் 'பூரியேல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழுகல், மின்னஞ்சல் என்ற இரண்டு சொல்லை ஒட்டியது. அழுகல் தபால்! பொருத்தமான பெயர்.

அந்த ஃபோனுக்குப் பிறகு நானும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெட்டியை ஒழுங்கு செய்தோம். கடை, ஏஜென்சி வைத்திருக்கும் நண்பர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் முகவரியைப் பிரித்தோம். வெப்சைட்டிலும் விசிட்டிங் கார்டிலும் போட ஒன்று. பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒன்று. பேங்க், ஜிஎஸ்டி விவகாரத்துக்கு ஒன்று. இதை வேறு யாருக்கும் தருவதில்லை. பேங்க் பெயரைச் சொல்லிக்கொண்டு முதல் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தால், அது மோசடி என்று படிக்காமலே தெரிந்துவிடுகிறது.

வெப்சைட்டில் முகவரியை அப்படியே எழுதி வைப்பதை நிறுத்தினோம். ஊரெல்லாம் சுற்றி முகவரி பொறுக்குவதற்கென்றே இயந்திர நிரல்கள் இருக்கின்றன. அதற்குப் பதில் பெயரும் செய்தியும் எழுதி அனுப்பும் ஒரு படிவம் வைத்தோம். பாதிக் குப்பை இதிலேயே குறைந்தது.

மூன்றாவது, குப்பையை வெறுமனே அழிக்காமல் 'ஸ்பாம்' என்ற பொத்தானை அழுத்துவது. அழித்தால் பெட்டி ஒன்றும் கற்றுக்கொள்ளாது. ஸ்பாம் என்று சொன்னால்தான் அடுத்த முறை அதே மாதிரி வருவதைத் தள்ளி வைக்கும். நல்ல கடிதம் அங்கே போயிருந்தால் 'ஸ்பாம் அல்ல' என்று சொல்லி மீட்க வேண்டும். முன்பின் தெரியாதவன் கடிதத்தில் 'இனி வேண்டாம்' என்று கீழே ஒரு இணைப்பு இருக்கும். அதைத் தொடாதீர்கள். இங்கே ஆள் இருக்கிறான் என்று நாமே சொன்னது போல ஆகிவிடும். நாமே பெயர் கொடுத்த கம்பெனி என்றால் தாராளமாக அழுத்தலாம்.

நான்காவது, பழைய வாடிக்கையாளர்கள் எல்லாரையும் முகவரிப் பட்டியலில் ஏற்றினோம். 'இவர்கள் கடிதத்தை ஸ்பாமுக்கு அனுப்பாதே' என்று கட்டளை போட ஜிமெயிலிலேயே வசதி இருக்கிறது. அழிக்கும் கட்டளைகளை எல்லாம் நீக்கிவிட்டோம். சந்தேகமானதைத் தனி அறையில் ஒதுக்கி வை, அவ்வளவுதான் உனக்கு அதிகாரம் என்று பெட்டிக்குச் சொல்லியாயிற்று.

ஐந்தாவது, பணம். 'எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று மெழுகு விற்பவர் பெயரில் மெயில் வந்தால், அந்தக் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு ஃபோன் செய்யாதீர்கள். நம்மிடம் முன்பே இருக்கும் பழைய எண்ணுக்குப் பேசி உறுதி செய்யுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

"இதுக்கெல்லாம் காசு குடுத்தா நல்ல சாஃப்ட்வேர் இருக்காமே மாமா?" என்று தம்பி கேட்டான். இருக்கும். நூறு பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு வேண்டியதுதான். ஆறு பேர் வேலை செய்யும் இடத்துக்கு, பெட்டியோடு இலவசமாக வரும் சல்லடையே போதும். ஆனால் எந்தச் சல்லடைக்கும் நோட்டீஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரியாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அதனால் ஆறாவதாக ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம். தினமும் காலையில் ஊதுபத்தி ஏற்றியதும் ஐந்து நிமிஷம் ஸ்பாம் பெட்டியைப் பார்ப்பது. திறக்க வேண்டாம், அனுப்பியவர் பெயரும் தலைப்பும் பார்த்தால் போதும். அங்கேயும் 30 நாள் கணக்குதான் என்பதால் தினம் பார்த்தால் எதுவும் தப்பாது. மீட்ட கடிதத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னேன். "இது என்ன மாமா, கவர்ன்மெண்ட் ஆபீஸா?" என்று சிரித்தான். ஆனாலும் எழுதுகிறான்.

லியோன் அம்மாளுக்கு மன்னிப்புக் கேட்டு என் பழைய பள்ளிக்கூடப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினோம். நடந்ததை மறைக்காமல் எழுதினோம். நன்றி என்று ஒரு வரி வந்தது. ஆர்டர் இன்னும் வரவில்லை.

நேற்று நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசியாக எழுதியிருந்தது, அரியாங்குப்பத்திலிருந்து ஒரு டீச்சர் பள்ளி விழாவுக்கு இருபது பாக்கெட் ஊதுபத்தி கேட்டு எழுதிய மெயில். இருபதே பாக்கெட்தான். எதிரில் தம்பியின் கையெழுத்தில், 'பதில் அனுப்பியாச்சு' என்று இருந்தது.