ஓட்டுக்கு முன்னே சொல்லு, வரியைப் பின்னே போடு!

விவசாயப் பெருங்குடி மக்களே! நெசவாளச் சகோதரர்களே! தாய்மார்களே!

விவசாய சங்கத்துக்கும் நகராட்சி வரிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். ஆரணியைச் சுற்றி யாரை எடுத்துக்கொண்டாலும் அண்ணன் ஏர் பிடிப்பான், தம்பி தறியில் உட்காருவான். நெல் விலை விழுந்தால் பட்டுக்கூலி கை கொடுக்கும், கூலி குறைந்தால் களத்து நெல் கஞ்சி ஊற்றும். வரி யார் தலையில் விழுந்தாலும் வலி ஒரே வீட்டில்தான். அதனால்தான் பேசுகிறோம்.

கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் உயர்நீதிமன்றத்தில் ரத்தானது. அதன்பின் 2022 பிப்ரவரி வரை, ஐந்து வருஷத்துக்கும் மேலாக நகராட்சிகளில் கவுன்சிலர் கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான். கேள்வி கேட்க ஆளில்லாத அந்த நேரத்தில்தான், 2018 ஜூலையில் சொத்து வரியை வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை உயர்த்த உத்தரவு வந்தது. ஜனங்கள் கத்தினார்கள், கேட்கவில்லை. 2019 நவம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது, கூடுதலாகக் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

அடுத்து 2022. பிப்ரவரி 19-ல் ஓட்டுப் போட்டோம். மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் 1-ல் வரி உயர்வு அறிவிப்பு! ஓட்டுப் போட்ட விரல் மை அழியும் முன்னே, எண்ணி 41-ஆம் நாள். நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். 15-வது நிதிக் குழுவின் நிபந்தனை, வரியைச் சீரமைக்காவிட்டால் மத்திய மானியம் வராது என்று காரணம் சொன்னார்கள். சரி, அந்த நிபந்தனை பிப்ரவரியில் தெரியாதா? தெருத்தெருவாகக் கும்பிட்டு வந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

ஒரு ஆட்சி தேர்தல் வருகிறது என்று நிறுத்தியது, இன்னொரு ஆட்சி தேர்தல் முடிந்தது என்று ஏற்றியது. கட்சி வேறு, கணக்கு ஒன்றுதான். இதில் யாரையும் தனியாகத் திட்டி நமக்குப் பலனில்லை.

இந்தப் படிக்கணக்கு நெசவாளியை எப்படி அடிக்கிறது பாருங்கள். பட்டுத்தறி வீட்டுக்குள்தான் இருக்கிறது. தறிக்குழியும் ஜக்கார்டு பெட்டியும் போக, குடும்பம் மூலையில் படுக்கிறது. தறியை விட்டுப் பார்த்தால் 600-க்குள் அடங்கும் வீடு, தறியோடு அளந்தால் அடுத்த படிக்கு ஏறிவிடும். 800 ரூபாய் வரி 1000 ஆகவேண்டிய இடத்தில் 1200 ஆகும். வசதிக்காகக் கட்டிய இடமா அது? வயிற்றுக்காக விட்ட இடம்!

நாம் வரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. சாக்கடை வாரவும் தெருவிளக்கு எரியவும் பணம் வேண்டும், அது நமக்கும் தெரியும். எப்போது கேட்கிறாய், யாரிடம் கேட்டுக்கொண்டு கேட்கிறாய் என்பதுதான் நம் கேள்வி.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1996-ல் மக்கள் ஓட்டால் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. நகரசபை பொது வரி போடவேண்டும் என்றால் மக்களிடம் ஓட்டெடுக்கவேண்டும். அந்த ஓட்டெடுப்பும் கவுன்சிலர் தேர்தலோடு சேர்ந்தே நடக்கவேண்டும். அவசரம் என்றால் மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தால்தான் விதிவிலக்கு. ஜனம் அசந்த நேரம் பார்த்து யாரும் வராத தேர்தல் வைத்து வரியை நுழைக்க முடியாது. அந்தச் சட்டம் அப்படியே இங்கே வரவேண்டும் என்பதில்லை. ஆனால் வரி போடுகிறவனும் ஓட்டுக் கேட்கிறவனும் ஒரே நாளில் ஒரே முகத்தோடு வரவேண்டும் என்ற அந்த நியாயம் நமக்கும் பொருந்தும்.

கிராமத்தாருக்கும் இது எச்சரிக்கை. நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனது. அதே சமயத்தில்தான் மாநிலம் முழுக்க ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் பேச்சும் கிளம்பியது. நகரத்தோடு சேர்ந்தால் ஊரக வேலைத்திட்டம் போகும், நகர வரி வரும். தலைவர் இல்லாத நேரத்தில் முடிவெடுத்தால் யாரிடம் போய் நிற்பது?

ஆகவே நாம் கேட்பது நான்குதான்:

1. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் வரி உயர்வும் வேண்டாம், ஊர் இணைப்பும் வேண்டாம்.
2. வரி உயர்த்தும் எண்ணம் இருந்தால் தேர்தலுக்கு முன்பே கணக்கோடு வெளியிடவேண்டும்.
3. கிராமத்தில் கிராம சபை, நகரத்தில் ஏரியா சபை, இவற்றில் வைத்து ஜனங்கள் பேசியபிறகே மன்றத்தில் தீர்மானம்.
4. வீட்டுக்குள் கைத்தறி நிற்கும் இடத்தைச் சதுர அடிக் கணக்கிலிருந்து நீக்கவேண்டும்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் கணக்கு 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த தேர்தலுக்கு எந்தக் கட்சி வேட்பாளர் வாசலுக்கு வந்தாலும் சொம்பில் தண்ணீர் கொடுங்கள், மரியாதை குறைய வேண்டாம். கூடவே ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுங்கள். "வரியை என்ன செய்வீங்க? எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்று கேளுங்கள். கையெழுத்துப் போடாத கைக்கு ஓட்டு எதற்கு?

ஏரும் தறியும் சேர்ந்து நின்று கேட்டால் பதில் வந்தே தீரும். ஒன்றுபடுவோம்!