எறிந்து தந்த முண்டு

பழைய கட்டிடத்தை இடிக்காதே, பழைய துணியை எரிக்காதே, இரண்டையும் சேர்த்து ஊர்ச்சனத்துக்கு வேலை கொடு என்கிறார்கள் கட்டிடக்கலை படித்தவர்கள். பூட்டிக் கிடக்கும் தறிக்கூடத்தில் பழந்துணியைப் பிரித்துக் கிழித்து நூலாக்கும் பட்டறை; பெயர் 'சமுதாய மையம்'. நாஞ்சில் நாட்டில் சமுதாயம் என்றால் சாதி என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இது எந்தச் சமுதாயத்தின் மையம்?

இந்த மண்ணில் துணி வெறும் துணியாக இருந்ததில்லை. தோள்சீலைக்காகப் பல்லாண்டு அடிபட்ட பிறகு, 1859 ஜூலை 26இல் திருவிதாங்கூர் அரசர் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அறிவித்தார். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது. போராடி வாங்கிய உரிமையிலும் சாதி அளவெடுத்துத்தான் கொடுத்தது. புலையர், பறையர் பெண்களின் பெயரே அந்த அறிவிப்பில் இல்லை.

எங்க ஆச்சி சொல்லுவா: "கும்பப்பூ அறுத்து முடிஞ்சா பண்ணை வீட்டுக் கிழிஞ்ச முண்டு கெடைக்கும். எறிஞ்சுதான் தருவாவ. கையில வாங்கப்பிடாது, கீழ கெடக்கத எடுக்கணும். ஒட்டுப்போட்டு உடுப்போம். பொறவு பிள்ளைக்குத் தொட்டில், பொறவு அடுப்புத்துணி." இதற்குப் பெயர் அன்று மறுசுழற்சி இல்லை, கூலி.

பானிப்பத்தைப் பாருங்கள். உலகம் கழித்த கம்பளி உடுப்புகள் அங்கே வந்து குவிகின்றன. பித்தானும் ஜிப்பும் அறுத்து, நிறம் பிரித்து, நார்நாராய்க் கிழித்து, நூற்று, மலிவுக் கம்பளியாக்குகிறார்கள். துணி மறுபிறவி எடுக்கிறது. தூசி கூலிக்காரரின் நெஞ்சுக்குள் இறங்குகிறது.

கட்டிடமும் அப்படித்தான். பத்மநாபபுரம் அரண்மனை இன்று அருங்காட்சியகம். 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரளத் தொல்லியல் துறைதான் அதைப் பராமரிக்கிறது. அரசர் படுத்த கட்டிலைக் காட்டுகிறார்கள். கல் சுமந்தவர் படுத்த இடத்தை யார் காட்டுவார்? கட்டிடத்தின் பயன் மாறினாலும் அதன் நினைவு உடையவன் பக்கமே நிற்கிறது.

பழந்துணிப் பட்டறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். ஆனால் பட்டா துணி பிரிக்கிற பெண்களின் பெயரில் இருக்கட்டும். சுவருக்குச் சாயம் பூசுமுன் தூசி உறிஞ்சும் கருவி வைக்கட்டும். மாதக்கூலியைத் தாளில் எழுதட்டும். கணக்குப் புத்தகம் சேரிப்பெண்ணின் கையில் இருக்கட்டும். வரைபடம் போடும்போதே எங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கட்டும், திறப்புவிழாவில் கைதட்ட மட்டும் அல்ல.

இல்லையென்றால் இதுவும் அந்தப் பழைய முண்டுதான். எறிஞ்சு தந்தா குனிஞ்சு எடுக்க இனி இங்க ஆளில்லவே.