அரசாங்க வேலை அசைக்க முடியாததா? ஒரே வீச்சில் 1,70,241 பேர் டிஸ்மிஸ் ஆன கதை

ஆம்பூர் பஸ் நிலையத்தில் மாலை 6 மணிக்குப் பார்க்க வேண்டும். ஷூ கம்பெனி விட்டு வரும் பெண்கள் ஒரு பக்கம். தாலுகா ஆபீஸ், முனிசிபல் ஆபீஸ் விட்டு வரும் குமாஸ்தாக்கள் ஒரு பக்கம். இவர்கள் அவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். "அவங்களுக்கு என்னம்மா, கவர்மெண்டு வேலை! யார் கை வைக்க முடியும்?"

கை வைக்க முடியும். 2003-ம் ஆண்டு ஜூலை மாதம் வைத்தே காட்டினார்கள்.

ஓய்வூதியச் சலுகைகளில் கை வைத்ததை எதிர்த்து, அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2-ந்தேதி வேலைநிறுத்தத்தில் குதித்தார்கள். அப்போது முதல்-அமைச்சர் ஜெயலலிதா. 2002-ல் கொண்டு வந்த 'டெஸ்மா' சட்டம் அவர் கையில் தயாராக இருந்தது. அது போதாது என்று ஜூலை 4-ந்தேதி ஓர் அவசரச் சட்டம்! விசாரணை கிடையாது. விளக்கம் கேட்பது கிடையாது. 1 லட்சத்து 70 ஆயிரத்து 241 பேர் டிஸ்மிஸ்.

அடேயப்பா! 2011 கணக்குப்படி ஆம்பூர் நகரத்தின் மொத்த ஜனத்தொகையே 1 லட்சத்து 14 ஆயிரம்தான். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஆம்பூர் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பி, இன்னும் பாதி ஆம்பூரையும் சேர்த்தால்தான் அந்தக் கணக்கு வரும். ஐகோர்ட்டில் சொல்லப்பட்டபடி, சிறையில் அடைக்கப்பட்டவர்கள் 2,211 பேர். அதில் பெண்கள் 74 பேர்.

எங்கே போனது 311?

குமாஸ்தாவைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்: "அரசியல் சட்டம் 311-வது பிரிவு இருக்குது சார். குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் கேட்டு, விசாரணை வைச்சாத்தான் டிஸ்மிஸ் செய்யலாம்." உண்மைதான். ஆனால் அதே பிரிவில் விசாரணை இல்லாமல் அனுப்புவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழி செல்லும் என்று துளசிராம் பட்டேல் வழக்கில் 1985 ஜூலையிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2003-ல் அந்தச் சந்துகூடத் தேவைப்படவில்லை. அவசரச் சட்டமே போதுமாக இருந்தது.

வழக்கு போட்டார்கள். ஐகோர்ட்டு பெஞ்சு, "முதலில் நிர்வாக டிரிப்யூனலுக்குப் போங்கள்" என்றது. அந்த டிரிப்யூனலில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர்! ஒண்ணே முக்கால் லட்சம் பேர் அவர் முன்னால் வரிசையில் நின்றால் கடைசி ஆளின் முறை எந்த ஜென்மத்தில் வரும்? ஆயிரக்கணக்கான பேரை அங்கே அனுப்பினால் நியாயம் கிடைக்காது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் அதே சுப்ரீம் கோர்ட்டு, டி.கே.ரங்கராஜன் தொடர்ந்த அந்த வழக்கில் ஆகஸ்டு 6-ந்தேதி இன்னொன்றையும் சொன்னது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மீக உரிமையும் இல்லை! நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு, நடத்தை விதி 22-ஐ மீற மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் வேலை திரும்பக் கிடைத்தது. சுமார் 6 ஆயிரம் பேருக்கு அதுவும் இல்லை. அவர்கள் விவகாரம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 3 பேரிடம் போனது.

பிறகு 2004 மே மாதம் பார்லிமெண்டு தேர்தல் முடிவு வந்தது. ஆளும் கட்சிக்கு ஒரு சீட்டுகூட இல்லை. உடனே நடவடிக்கைகள் வாபஸ்! கோர்ட்டு கொடுக்காததை ஓட்டு கொடுத்தது.

2019-லும் இதே கதைதான். ஜாக்டோ-ஜியோ ஜனவரி 22-ந்தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 30-ந்தேதி முடிந்தது. கைது, சஸ்பெண்டு, 17-பி மெமோ. அத்தனையும் 2021 பிப்ரவரியில் ரத்து என்று முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அப்போது சட்டசபைத் தேர்தல் வாசற்படியில் நின்றது! தேர்தலுக்குத் தேர்தல் கிடைக்கிற கருணையை உரிமை என்று எப்படிச் சொல்வது?

"நல்லா வேணும்" என்பவர்கள்

ஜாதி சர்டிபிகேட்டுக்கு நாலு நாள் அலைந்து, நாலு நாள் கூலியை இழந்த ஷூ கம்பெனிப் பெண், "இவங்களுக்கு நல்லா வேணும்" என்றால் அவளைக் குறை சொல்ல முடியாது. மேஜைக்கு அடியில் கை நீட்டும் ஆசாமியை யாரும் காப்பாற்ற வேண்டாம். அவருக்கென்றே 17-பி இருக்கிறது. ஆனால் 2003-ல் போனது லஞ்சம் வாங்கியவர் மட்டுமா? கையெழுத்துக்குக் காசு வாங்காதவரும் அதே பட்டியலில்தான் போனார்.

உத்தியோகம் முடிகிற நாளில் நடக்கும் கூத்து தனி. மாலை வாங்கி வைத்திருப்பார்கள். சால்வை வந்திருக்கும். வீட்டிலிருந்து மனைவி, மக்கள் வந்திருப்பார்கள். சாயங்காலம் சஸ்பெண்டு உத்தரவு வரும்! என்றைக்கோ நடந்த தவறுக்குக் கடைசி நாள் வரை காத்திருந்து உத்தரவு போடுவது என்ன நிர்வாகமோ தெரியவில்லை. இந்த வழக்கம் தவிர்க்கப்படும் என்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 2021 செப்டம்பரில் சட்டசபையில் அறிவித்தார். குற்றப்பத்திரிகை கொடுக்காமல் 3 மாதத்துக்கு மேல் சஸ்பெண்டில் வைக்கக் கூடாது என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டிக் கேட்பதற்குக்கூட சென்னைக்கு ரயில் ஏறி ஐகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

டிரிப்யூனல் என்ன ஆனது என்கிறீர்களா? 1988-ல் தொடங்கியதை 2006-ல் மூடிவிட்டார்கள்.

இங்கேதான் வேடிக்கை. பெருமூச்சு விடுகிற ஷூ கம்பெனித் தொழிலாளிக்கு வேலூரிலேயே தொழிலாளர் கோர்ட்டு இருக்கிறது. 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டப்படி 14 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று கெடுபிடி வந்திருக்கிறது. இருந்தாலும் வேலைநிறுத்தம் என்ற சொல் அவள் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஜோலார்பேட்டை ரயில்வே ஊழியருக்கும் வேலூர் தபால் குமாஸ்தாவுக்கும் 1966 முதல் கூட்டு ஆலோசனைக் குழு இருக்கிறது. சம்பளம், லீவு தகராறு என்றால் மத்தியஸ்தத்துக்குக் கொண்டு போகலாம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு? வேலைநிறுத்தமும் கூடாது, பக்கத்தில் கோர்ட்டும் கிடையாது.

ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் மூடிக் கிடந்தால் ஜனங்கள்தான் தவிப்பார்கள். ஆகவே வேலைநிறுத்தம் கூடாது என்பதில் நியாயம் இருக்கலாம். வாயைக் கட்டுகிறவர்கள் காதைத் திறந்து வைக்க வேண்டாமா? டிரிப்யூனலை மறுபடி திறக்கட்டும். இந்தத் தடவை ஒற்றை ஆளை உட்கார வைத்துவிட்டு அல்ல. போதுமான நீதிபதிகளோடு, இத்தனை மாதத்தில் தீர்ப்பு என்று கெடு வைத்து.

2019-ல் பழைய வேலூர் மாவட்டத்தைப் பிரித்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். மூன்று கலெக்டர் ஆபீஸ் வந்தது. ஊழியர்களின் வழக்கைக் கேட்க ஒரு பெஞ்சு வந்தால் என்ன? புதுக் கட்டிடம்கூட வேண்டாம். சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்தில் இரண்டு அறை ஒதுக்கினாலே ஆரம்பித்துவிடலாம்.