பூட்டைத் திறந்து வைத்தது யார்?

அமெரிக்காவில் மில்வாக்கி என்று ஒரு தொழில் நகரம். 2021-ம் வருஷத்தில் அந்த ஒரு நகரத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் திருடு போயின. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹூண்டாய், கியா என்ற இரண்டே கம்பெனிகளின் கார்கள்! மறு வருஷம் இந்தத் தொத்துநோய் நாடெங்கும் பரவியது. திருடியவர்களில் பலர் மீசை முளைக்காத பையன்கள். கைப்பேசியில் ஓடிய படங்களைப் பார்த்தே வித்தையைக் கற்றுக் கொண்டார்கள்.

"பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள், பிடித்து உள்ளே போடு" என்று அங்குள்ள கனவான்கள் கூச்சலிட்டார்கள். திருட்டுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 2022 அக்டோபரில் பஃபலோ நகரில், திருடிய கியா கார் ஒன்று மோதி நொறுங்கியதில் இருபது வயது ஆகாத நான்கு பேர் மாண்டார்கள். பெற்ற வயிறு எந்தத் தேசத்திலும் ஒன்றுதான். ஆனால் நாம் கேட்கிற கேள்வி வேறு. எத்தனையோ கம்பெனிகளின் கார்கள் தெருவில் நிற்க, இந்த இரண்டின் கார்கள் மட்டும் ஏன் கை வைத்ததும் கிளம்பின?

மில் கேட்டில் டோக்கனைக் காட்டாமல் நம்மை உள்ளே விடுவார்களா? முகம் தெரிந்த வாட்ச்மேன்கூட விடமாட்டான். காரிலும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. இம்மொபிலைசர் என்று பெயர். சாவியின் தலைக்குள் சிறு சில்லு ஒன்று ஒளிந்திருக்கும். அது தன் அடையாள எண்ணைச் சொல்ல வேண்டும். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். எண் ஒத்து வராவிட்டால் எஞ்சின் ஓடாது. பூட்டை உடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. இது இல்லாத காரிலோ, பூட்டு உடைந்தால் கார் திருடனுடையது.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. ஐரோப்பாவில் 1998 முதலே புதுக் கார்களுக்குக் கட்டாயம். கனடாவில் 2007-ல் சட்டம் வந்தது. அமெரிக்காவில் மட்டும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே 2015-ம் வருஷத்து மாடல்களில், மற்றக் கம்பெனிகளுடையவற்றில் நூற்றுக்கு 96-ல் இம்மொபிலைசர் இருந்தது. ஹூண்டாய், கியா மாடல்களில் நூற்றுக்கு 26-ல்தான் இருந்தது.

இங்கேதான் முதலாளியின் கணக்கைப் பார்க்க வேண்டும். அதே கம்பெனி, எல்லைக்கு வடக்கே கனடாவில் விற்கும் காரில் சில்லை வைத்தது. தெற்கே விற்கும் காரில் வைக்கவில்லை. தெற்கிலும் பொத்தானை அழுத்திக் கிளப்பும் விலை உயர்ந்த காரில் வைத்தது. சாவியைத் திருகும் மலிவுக் காரில் விட்டுவிட்டது. செய்யத் தெரியாமலா விட்டார்கள்? சட்டம் கழுத்தைப் பிடித்த இடத்தில் செய்தார்கள், காசுள்ளவன் வாங்கும் இடத்தில் செய்தார்கள். மலிவுக் காரை வாங்குகிறவன் யார்? பஸ் வசதி இல்லாத ஊரில், தவணைக்கு வண்டி எடுத்து வேலைக்குப் போகிற தொழிலாளி. அவன் தலையில் கையை வைத்தார்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2023-ல் பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இரண்டு, சில நகரங்களில் இந்தக் கார்களுக்குப் புதிதாக இன்ஷூரன்ஸ் கொடுக்க மறுத்தன. கம்பெனிக்காரர்களோ, "எங்கள் கார்கள் சட்டப்படி சரியானவை, சமூக ஊடகங்கள்தான் காரணம்" என்று வாதாடினார்கள். சட்டப்படி சரி! ஓட்டை உள்ள சட்டத்துக்கு ஓட்டை உள்ள கார்! ஏறக்குறைய 83 லட்சம் கார்களுக்கு மென்பொருளைத் திருத்தித் தருவதாக 2023 பிப்ரவரியில் முன்வந்தார்கள். அபாய மணி முப்பது விநாடி அலறுவதற்குப் பதில் ஒரு நிமிஷம் அலறுமாம்; சாவி இல்லாமல் கிளம்பாதாம். அதையும் ஏற்க முடியாத கார்கள் இருந்தன. ஸ்டியரிங்கில் மாட்ட இரும்புப் பூட்டுகளை விநியோகித்தார்கள். கம்ப்யூட்டர் யுகத்தில், மாட்டுக் கொட்டிலுக்குப் போடுவது போல!

இந்த ஹூண்டாய் நமக்கு அந்நியமல்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்கிற அதே கம்பெனிதான். வேலை நீக்கப்பட்ட தோழர்களுக்காக 2010 ஜூனில் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்கு அதன் சிக்கனம் நன்றாகவே தெரியும்.

நகரசபைகள் வழக்குப் போட்டன. மாநில சர்க்கார்கள் விசாரணை நடத்தின. 2025 டிசம்பரில் 35 மாநிலங்களுடன் கம்பெனிகள் ஒரு சமரசத்துக்கு வந்தன. பழைய கார்களின் சாவித் துவாரத்தைச் சுற்றித் துத்தநாகக் காப்பு ஒன்றை இலவசமாகப் பொருத்த வேண்டும், இனி அங்கே விற்கும் ஒவ்வொரு காரிலும் இம்மொபிலைசர் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கனடாக்காரன் 2007-ல் பெற்றது, அமெரிக்கத் தொழிலாளிக்குப் பதினெட்டு வருஷம் கழித்து, வழக்கு மேல் வழக்குப் போட்ட பிறகு வந்திருக்கிறது.