‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று திரையில் வருகிறதா? ‘கிராக்’ தேடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

சுங்கை புரோங்கில் இருந்து கோலசிலாங்கூர் போய் ஒரு செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் பிரச்சினையே இல்லை. ஒருநாள் திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மங்கலாக எழுத்து வருகிறது. செட்டிங்ஸில் வால்பேப்பரை மாற்ற முடியவில்லை. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. பெரிய கம்பெனிகள் விண்டோஸ் உரிமத்தை மொத்தமாக வாங்குகின்றன. அதில் ஒரு வகையில், ஒவ்வொரு கணினியும் 180 நாளுக்குள் கம்பெனியின் சர்வரைத் தொடர்புகொண்டு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். கம்பெனி கழித்துவிட்ட லேப்டாப் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அந்த சர்வரை எங்கே போய்த் தேடும்? கெடு முடிந்ததும் எழுத்து வந்துவிடுகிறது. 90 நாள் சோதனைப் பதிப்பு என்றால் இன்னும் மோசம்: கெடு தாண்டியதும் மணிக்கு ஒருமுறை கணினி தானாகவே ஆஃப் ஆகும். அசைன்மென்ட் எழுதும்போது இது நடந்தால் எப்படி இருக்கும்!

ஆனால் அந்த எழுத்து ஒரு தொல்லை, அவ்வளவுதான். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸுக்கும் பாதுகாப்பு அப்டேட் வழக்கமாக வரும். பயப்பட வேண்டியது வேறு கெடுவுக்கு. 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ உலகம் முழுக்கப் பரவியது ஞாபகம் இருக்கிறதா? அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்னாடியே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

மூலையில் இருக்கும் எழுத்தை அழிக்க ‘கிராக்’ தேடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த மென்பொருள் முதலில் கேட்பதே “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க” என்பதுதான். வீட்டுச் சாவியைத் திருடன் கையில் கொடுத்த மாதிரி. இணையத்தில் பத்து, இருபது ரிங்கிட்டுக்கு விற்கும் சாவிகளும் பல நேரம் இதே கம்பெனி உரிமங்கள்தான்; எப்போது வேண்டுமானாலும் முடங்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கோப்புகளை பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பல அலுவலக லேப்டாப்களில் தயாரிப்பாளர் போட்ட விண்டோஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். பெரும்பாலும் அது ‘புரோ’ பதிப்பு. அதே பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாகப் போட்டால், இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். ஒரு சென் செலவில்லை. இதைக் கடைக்காரரிடமே செய்து தரச் சொல்லலாம்.

இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர், ‘டிபிஎம் 2.0’, 4 ஜிபி ரேம் இருந்தால் விண்டோஸ் 11-க்கு இலவசமாக மாறலாம். இல்லையென்றால் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில், விண்டோஸ் அப்டேட் பக்கம் போய் நீட்டிப்புத் திட்டத்தில் சேருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை சிங்க் செய்தால் கட்டணம் இல்லை. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். கம்பெனிகள் பயன்படுத்தும் ‘எண்டர்பிரைஸ்’ பதிப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் ‘புரோ’வை முதலில் போடச் சொன்னோம்.